பதினான்காம் துளை

ஆகஸ்ட் 19, திங்கள்

நெடுங்கரட்டுக் கோட்டைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு படிகள். அடிவாரத்துப் பலகையில் ஐந்நூறு என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவன் ஏறவில்லை. நான் ஏறினேன், எண்ணினேன், என் இரண்டு முட்டிகளும் சாட்சி.

முப்பத்தொரு வருடம் வரைவாளராகக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவனை, ஒப்பந்தக்காரர் நாச்சிமுத்து தேடி வந்து 'ஆவண ஆலோசகர்' என்று பெயர் வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். கோட்டையை அளக்க வேண்டும், வரைய வேண்டும், எந்தக் கல் எதற்கு வைத்தது என்று எழுதித் தர வேண்டும். அதை வைத்துக் கொத்தனார்கள் பழுது பார்ப்பார்கள். தளப் பதிவேடும் என் பொறுப்பு. அதில் மழை, ஆள் எண்ணிக்கை, சுண்ணாம்பு மூட்டை தவிர எதையும் எழுதக்கூடாதாம். அதனால்தான் இந்த நோட்டு.

கீழே கோட்டையடியில் ஒன்பது வீடுகள். வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கிருந்துதான். தலைமைக் கொத்தனார் மாரப்பன், நாற்பது வயதிருக்கும். அவன் மனைவி பாவாயி சுண்ணாம்பு நீற்றுகிறாள். நான் ஆறாம் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டு ஒரு கம்பை வெட்டி வந்து நீட்டினாள். "ஊணிக்குங்க சார். கோட்டைய நீங்க புடிக்கறதுக்குள்ள கோட்டை உங்களப் புடிச்சுருமாட்ட இருக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கம்பை வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மூன்று நாளில் ஏழு வாசல்களையும் அளந்து முடித்தேன். கட்டியவன் கெட்டிக்காரன். மூன்றாம் வாசலை நேராக வைக்கவில்லை, சட்டென்று வலப்பக்கம் திருப்பியிருக்கிறான். யானை ஓடி வந்து முட்ட இடமே கிடையாது. கீழ் மதில்கள் நாயக்கர் காலத்துக் கருங்கல், சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைத்தவை. உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. மேலே மார்பளவுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும், அது மைசூர்க்காரர்கள் சேர்த்தது. அதில் வரிசையாகத் துப்பாக்கி வைக்கத் துளைகள். வெடிமருந்துக் கிடங்குக்கு இரட்டைச் சுவர். பிறகு வந்த கும்பெனியார் கட்டியது எதுவும் இல்லை, வடகொத்தளத்துக்குப் பின்னால் நான்கு கல்லறைகள் மட்டும்.

இந்தக் கோட்டையை ஒருவனும் பீரங்கியால் பிடித்ததில்லை. இரண்டு முறை விழுந்தது, இரண்டு முறையும் கோடையில், சுனைகள் வற்றிய பிறகு. தண்ணீரை அவ்வளவு கவனமாகக் கையாண்டிருக்கிறார்கள். பாறையில் ஐந்து சுனைகள். முதல் சுனை நிரம்பினால் இரண்டாவதுக்கு, அது நிரம்பினால் மூன்றாவதுக்கு. மூன்றாவது நிரம்பினால் மிச்சம் எங்கே போகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. ஆறாம் வாசலுக்கு மேற்கே உள்ள மண்மேட்டில் காணாமல் போகிறது. வெயிலில் வற்றிவிடும் போலிருக்கிறது. வரைபடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

இன்றைக்கு என் வாழ்நாளின் நல்ல நாள் என்று தாராளமாக எழுதலாம்.

அந்த மண்மேட்டைத் தாங்கி நிற்கும் மேற்கு மதிலில், வெளிப்பக்கம், தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஒரே மட்டமாக இருபத்தொரு துளைகள். உள்ளங்கை அகலம், சதுரம், வெளியே பார்த்துச் சரிவு. மேலே உள்ள துப்பாக்கித் துளைகளுக்கும் அதே சரிவுதான், மலையடியில் வருபவனைச் சுட வேண்டுமே. அப்படியானால் கீழே இருப்பது பழைய வரிசை! முதலில் உள்தரை தாழ்வாக இருந்திருக்கிறது. வீரர்கள் அங்கே நின்று சுட்டிருக்கிறார்கள். பின்னால் மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்தியதில் துளைகள் புதைந்துவிட்டன. இரண்டு காலம், இரண்டு வரிசை. இதை இதுவரை எவனும் எழுதவில்லை. இந்தக் கோட்டையைப் பற்றி நான் எழுதப்போகும் புத்தகத்துக்கு இது ஒன்று போதும்.

துளைகளுக்கு எண் போட்டு மூன்று முறை அளந்தேன். பாவாயி சுண்ணாம்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒரு பொந்த எத்தன தாட்டிங்க சார் அளப்பீங்க? அது வளருதுங்களா?"

"இது பொந்து இல்லம்மா. இங்கிருந்துதான் சுட்டிருக்காங்க."

"இதுலிங்களா?" என்று குனிந்து பார்த்தாள். "இதுல அரணையும் பூரானுந்தானுங்க இருக்குது."

விளக்கிச் சொல்லிப் பயனில்லை.

செப்டம்பர் 11, புதன்

வரைபடம் கொடுத்தாகிவிட்டது. அடுத்த வேலை, மதிலின் உள்ளே வெற்றிடங்களில் சுண்ணாம்புக் கரைசலைக் குழாய் வைத்துப் பாய்ச்சுவது. கீழ்த் துளைகள் திறந்திருந்தால் கரைசல் ஒழுகிவிடும். எப்படியும் அவை உபயோகமற்றவை. அடைப்பதென்று முடிவானது.

மாரப்பன் வரைபடத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அது எவ்வளவு புரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

"இத்தனையும் அடைக்கோணுங்களா சார்?"

"ஆமா. ஏன்?"

"அதுல தண்ணி வருமுங்க. ஐப்பசியில."

"எல்லாச் செவுத்துலயும் மழைக்குத் தண்ணி கசியும் மாரப்பா. துப்பாக்கித் துளையில மழைத்தண்ணி வந்தா அது மதகு ஆயிடுமா?"

அவன் கொஞ்சம் தள்ளிப் போய், திரும்பி வந்தான். பதினான்காம் துளைக்குக் கீழே மதிலடியில் மஞ்சள் பூசின ஒரு கல் இருக்கிறது. ஊத்துக்காளி என்கிறார்கள். ஐப்பசி மழையில் அந்தத் துளையிலிருந்து நீர் கல்லின் தலையில் விழுந்தால்தான் கோட்டையடியில் விதைப்பார்களாம். சாமிக்காக அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டான். கேட்கும்போது தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

நான் மதநம்பிக்கைகளை மதிக்கிறவன். சரி, உன் காளிக்காக ஒன்று என்றேன். வாய்ப்பேச்சாகத்தான். வரைபடத்தை மாற்றவில்லை. ஒரு கல்லுக்காக இருபத்தொன்றை இருபது என்று திருத்திக்கொண்டிருந்தால் ஊர் சிரிக்கும்.

செப்டம்பர் 20, வெள்ளி

புத்தகத்துக்காக மூன்றாம் சுனையைப் படம் எடுத்தேன். எந்தப் பக்கம் நின்றாலும் பாவாயியின் சுண்ணாம்புத் தொட்டியும் சாக்குகளும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தொட்டியை மேற்கு மதிலுக்கு வெளியே, அடியில், மாற்றச் சொன்னேன். நிழலும் இருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே மாற்றினாள். படம் அருமையாக வந்திருக்கிறது.

செப்டம்பர் 26, வியாழன்

துளைகள் அடைத்து முடிந்தது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சாந்து, உள்ளே கருங்கல் சில்லு. மாரப்பன் வேலையில் குறை சொல்ல முடியாது. அடைத்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூஜை. கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார்கள். என் அளவு நாடாவுக்கும் பாவாயி ஒரு பொட்டு வைத்தாள். "இதுதான் சார் இங்க ரொம்பப் பாடுபடுது" என்றாள். பொரி சாப்பிட்டேன். நேற்றிலிருந்து முட்டிவலி பரவாயில்லை.

அக்டோபர் 14, திங்கள்

மூன்று நாளாக மழை. பூச்சு வேலை நின்றுவிட்டது. சுனைகள் நிரம்பி வழிகின்றன. மாரப்பன் காலையும் மாலையும் மேற்கு மதிலைத் தடவிப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். "வயிறு தள்ளறாப்பல இருக்குதுங்க சார்" என்றான். எனக்கு அப்படித் தெரியவில்லை. நூல் பிடித்துப் பார்க்கச் சொன்னான். மழை விடட்டும் என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

பிற்பகல் ஒன்று இருபதுக்கு மேற்கு மதில் விழுந்தது. பாவாயி அடியில் இருந்தாள்.

அக்டோபர் 18, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேட்பார்கள்.

காலையில் மழை விட்டது. வெயில் வந்ததால் வேலை தொடங்கியது. பாவாயி தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பை வாரிக்கொண்டிருந்தாள். நான் ஆறாம் வாசலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். முதலில் சத்தமே இல்லை. மண் வாசனை வந்தது, மழைக்கு முந்தி வருமே அது போல. அப்புறம் முதல் துளையிலிருந்து பதினொன்று வரை, நாற்பது மீட்டர் மதில், மண்மேட்டோடு வெளியே சாய்ந்தது. பின்னாலேயே தண்ணீர். அவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

மாரப்பன் கையால் கல்லைப் புரட்டினான். இயந்திரம் இந்த மலைக்கு ஏறாது. மாலை நாலரைக்கு எடுத்தார்கள். முகம் முழுவதும் சுண்ணாம்பு. அவன் தன் துண்டை நனைத்துத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

வானிலைக் கணக்குப்படி ஆறு நாளில் பத்தொன்பது சென்டிமீட்டர். எந்தச் சுவரும் தாங்காது.

அக்டோபர் 21, திங்கள்

கோட்டையடிக்குப் போனேன். மாலை வாங்கிப் போயிருந்தேன். மாரப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தான். "வாங்க சார்" என்றான். சுவரோரம் அவள் எனக்கு வெட்டிக் கொடுத்ததைப் போலவே இன்னும் இரண்டு கம்புகள் சாத்தியிருந்தன. மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடி, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வரும் வழியில் மதிலைப் பார்த்தேன். பன்னிரண்டாம் துளையிலிருந்து மிச்சமெல்லாம் நிற்கிறது. பதினான்கின் இருபுறமும் ஒரு கீறல்கூட இல்லை. திறந்து விட்ட அந்த ஒரு துளையிலிருந்து காளியின் தலையில் தண்ணீர் விரல் தடிமனில் விழுந்துகொண்டிருந்தது. கல்லின் அமைப்பு இந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது போலும்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. மகள் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது, வர முடியாது என்றேன்.

கோட்டையில் ஆள் இல்லை. ஒரு வாளி சுண்ணாம்புத் தண்ணீரைக் கரைத்து மூன்றாம் சுனையின் மிச்சம் மறையும் இடத்தில் ஊற்றினேன். மதிலைச் சுற்றிக்கொண்டு கீழே போய்க் காளிக்கு எதிரே குடையோடு உட்கார்ந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம். பதினான்காம் துளையில் தண்ணீர் வெளுத்துக்கொண்டு வந்தது. காளியின் மஞ்சள் முகத்தில் வெள்ளை வழிந்தது. நான் எழுந்து என் கைக்குட்டையால் துடைத்தேன்.

ஒரே ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது.

நவம்பர் 5, செவ்வாய்

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். படியேறியதும் அவர்களுக்கே மூச்சு நின்றுவிட்டது. பெரியவர் என் வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டார். தெளிவான வேலை என்று பாராட்டினார்.

"வரைபடத்தில் உள்ளபடி இருபத்தொரு துளைகளும் அடைக்கப்பட்டனவா?" என்று கேட்டார்.

"ஒன்றைத் தவிர" என்றேன்.

"அது ஏன்?"

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். மாரப்பன் கதவோரம் நின்றிருந்தான். அவனும் என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பான் என்று நினைத்தேன். அவன் நான் திறப்பேன் என்று நினைத்திருப்பான்.

"தலைமைக் கொத்தனார் மத நம்பிக்கை காரணமாக விட்டுவிட்டதாகத் தெரிகிறது" என்றேன்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

அறிக்கையின் நகல் வந்தது. வரைபடத்துக்கு மாறாக ஒரு துளை திறந்து விடப்பட்டதால் மதிலுக்குள் நீர் புகுந்து, சாந்து கட்டுக் குலைந்து, சரிவு ஏற்பட்டதாம். முழு மடத்தனம். திறந்த துளை இருந்த இடம்தான் நிற்கிறது, அடைத்த இடம்தான் விழுந்திருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை பார்த்தாலும் சொல்லும். படித்த மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக மாரப்பன் மேல் வழக்கு. செத்தது அவன் பெண்டாட்டி. இரண்டு நாள் உள்ளே வைத்திருந்து இன்று ஜாமீனில் விட்டார்களாம். வேலையிலிருந்தும் நிறுத்தியாயிற்று.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

உத்தரவு. மீதமுள்ள துளையையும் உடனே அடைக்க வேண்டும். வெளியூரிலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். சிமெண்டு. அரைமணி நேரத்தில் முடிந்தது. நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பதிவேட்டில் குறிக்க வேண்டுமே. கோட்டையடிப் பெண்கள் இரண்டு பேர் காளிக்குக் கற்பூரம் ஏற்ற வந்தவர்கள், ஏற்றாமல் திரும்பிப் போனார்கள்.

அந்த மதிலுக்கு நேர் கீழே, சரிவில், ஒன்பது வீடுகள். இதை எழுதத் தேவையில்லை, வரைபடத்தில் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

தூறல். பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் நடுவே இரண்டு ஆணி அடித்து நூல் கட்டினேன். மதிலின் வயிறு: 11 மில்லிமீட்டர்.

நவம்பர் 23, சனி

19.

நவம்பர் 26, செவ்வாய்

இரவெல்லாம் மழையாம், எனக்குத் தெரிந்தது காலையில்தான். 34. மூன்று முறை அளந்தேன். அது வளருதுங்களா என்று யாரோ பின்னால் நின்று கேட்பது போல இருந்தது. வளர்கிறது. ஆமாம் தாயே, வளர்கிறது.

நவம்பர் 28, வியாழன்

47. நாளை மறுநாள் கனமழை என்று எச்சரிக்கை.

நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தேன். மதில் உப்புகிறது, பதினான்கைத் திறக்க வேண்டும் என்றேன்.

"சார், அடைக்கச் சொல்லி எழுத்துல குடுத்திருக்காங்கொ. தொறக்கோணும்னா காரணம் எழுதோணும். என்ன காரணம் எழுதுவீங்க?"

நான் வரைபடத்தின் நகலைப் பிரித்தேன்.

"கீழ் வரிசை துப்பாக்கித் தொளை, அடைக்கலாம்னு படத்துல ஆருங்க சார் எழுதுனது? நானுங்களா? உங்க கையெழுத்துங்க சார். நான் உங்களுக்காகத்தான் வாய மூடிட்டு இருக்கறேன். சித்த கம்முனு இருங்க."

வைத்துவிட்டார். இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். செப்டம்பர் பதினொன்றில் 'அடைப்பதென்று முடிவானது' என்று எழுதியிருக்கிறேன். யார் முடிவு செய்தார்கள்? வரைபடத்தில் அதை எழுதும்போது அறையில் வேறு யாரும் இல்லை. 'அடைக்கலாம்' என்பது என் சொல். நான்தான் முடிவு செய்தேன். கேள்விக்குறி போட்ட இடத்தை இன்னும் பத்து நாள் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். எனக்குப் புத்தகம் வேண்டியிருந்தது.

நவம்பர் 29, வெள்ளி

காலை ஏழு மணிக்கு மாரப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். வானம் கறுத்துக் கிடந்தது. ஒன்பது வீட்டு ஆட்களும் ஏதோ நடக்கப்போகிறது என்று ஒவ்வொருவராக வந்து கூடிவிட்டார்கள். தனியாகச் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தேன். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

"மாரப்பா, இந்த வீடுகளை இன்னிக்கே காலி பண்ணணும். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க. மேல மதில் நிக்காது" என்றேன்.

"ஏனுங்க நிக்காது? அதான் எல்லாத் தொளையும் அடச்சாச்சே" என்றார் ஒரு பெரியவர்.

அதற்கு மேல் சுற்றி வளைக்க வழியில்லை. சொன்னேன். அது துப்பாக்கித் துளை இல்லை, சுனைத் தண்ணீர் வெளியே போகிற வழி, நான் தப்பாக எழுதினேன், அதனால்தான் மதில் விழுந்தது, காளிக்காக ஒன்றை விடலாம் என்று சொன்னதும் நான்தான், விசாரணையில் அதைச் சொல்லவில்லை. குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னேன்.

யாரும் அதிர்ந்து போகவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

மாரப்பன் சொன்னான்: "அது தண்ணி வழின்னு எங்களுக்குத் தெரியாதுங்களா சார்? எங்கப்பாரு காலத்துல இருந்து வருசா வருசம் தை மாசம் குச்சிய உட்டுக் குத்தி உடறது நாங்கதானுங்க."

"அப்போ ஏன்யா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னனுங்களே. தண்ணி வருமுங்கன்னு சொன்னன். நீங்க சிரிச்சீங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "படிச்சவங்க, படம் போட்டவங்க, உங்ககிட்ட தண்ணியப் பத்திப் பேசி நான் ஜெயிக்க முடியாதுங்க. சாமின்னா ஒண்ணாச்சும் உடுவீங்கன்னு தோணுச்சு. அதுக்குத்தான் காளியச் சொன்னன். இன்னொரு நாலு சாமி இருந்துதுன்னா இன்னும் நாலு கேட்டிருப்பனுங்க. இருந்தது ஒரு சாமிதான்."

நான் அழுதேன். ஐம்பத்தொன்பது வயதுக்காரன், அத்தனை பேர் நடுவில். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்தான் தப்பு.

"இப்ப தொறந்தா மதிலு நிக்கலாமுங்க. நெகாச் சொல்ல முடியாது, போனாலும் போயிருமுங்க" என்றான் மாரப்பன்.

"திற. நான் இருக்கேன்."

"என்ற மேல கேஸு இருக்குதுங்க. மறுக்கா கைய வெச்சன்னா ஆயுசுக்கும் உள்ளதான். மொத அடி நீங்க போடோணும். இத்தன பேரும் பாக்கோணும்."

உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான்.

நவம்பர் 30, சனி

நேற்று எழுதி முடிக்க முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம், எழுத்து கோணலாகத்தான் வரும்.

பெண்களும் பிள்ளைகளும் மூட்டையோடு பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு ஆண்கள் என்னோடு வந்தார்கள். நூல் பிடித்தேன். 58. முதல் அடி போட்டேன். சிமெண்டு சிரித்தது. பத்தாவது அடியில் ஒரு சில்லு பெயர்ந்தது. இருபதாவதில் என்னால் கையைத் தூக்க முடியவில்லை. மாரப்பன் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடப்பாரையை வாங்கினான். ஆள் மாற்றி ஆள் குத்தினார்கள். நடுப்பகலில் உள்ளே ஏதோ இளகியது. விலகுங்க என்று கத்தினான்.

சேறுதான் முதலில் வந்தது, கறுப்பாக, நாற்றமாக. பிறகு செம்மண் தண்ணீர். காளியின் கல்லைப் புரட்டிக்கொண்டு போய்விட்டது. யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாலை வரை அப்படியே வந்தது. அதற்குள் எண் சொல்லிக்கொண்டே மாரப்பன் இன்னும் மூன்று துளைகளைத் திறந்தான். என் எண்கள். பதினைந்து, பதினாறு, பன்னிரண்டு. அடுத்து பத்து என்று ஆரம்பித்தவன், அது விழுந்துபோன பக்கம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டான். பத்தாம் துளைக்கு நேர் கீழேதான் தொட்டி இருந்தது.

இரவு கொட்டித் தீர்த்தது. இன்று காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தோம். மதில் நிற்கிறது. 58 அப்படியே 58.

"நான் விசாரணைக்கு எழுதித் தரேன் மாரப்பா. எல்லாத்தையும்" என்றேன்.

"எழுதுங்க" என்றான். "எழுதறதுதான் உங்களுக்கு நல்லா வருமே." கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

மன்னிக்க மாட்டான். அதைக் கேட்கவும் போவதில்லை.

தளப் பதிவேட்டில் இன்று எழுதியதன் நகலை இங்கே வைக்கிறேன். பதிவேட்டைக் கிழித்தாலும் இது இருக்கும்.

*30 நவம்பர். மழை: 14 செ.மீ. ஆட்கள்: எட்டு, கூலி இல்லை. சுண்ணாம்பு: இல்லை. துளை எண் 12, 14, 15, 16 நேற்று திறக்கப்பட்டன. முதல் அடி போட்டவன் கீழே கையெழுத்திட்டுள்ள நான். இவை துப்பாக்கித் துளைகள் அல்ல, மூன்றாம் சுனையின் வடிகால்கள். துளைகளை அடைக்கலாம் என்று எழுதியவன் நான். பதினான்கைத் திறந்து விட மாரப்பனுக்கு வாய்மொழியாக அனுமதி கொடுத்தவன் நான். செப்டம்பர் 20 அன்று, ஒரு புகைப்படத்துக்காக, சுண்ணாம்புத் தொட்டியை மதிலடிக்கு மாற்றச் சொன்னவனும் நான். அதுவரை பாவாயி மேலே, சுனையோரம், பத்திரமாக வேலை செய்துகொண்டிருந்தாள்.*

*வே. தணிகாசலம்*